கோழிக்கு இருக்க செக்போஸ்ட் ஆச்சிக்கு இல்லையே

மேடையில இருக்க தலைவர் அண்ணாச்சிக்கும், பஞ்சாயத்து தலைவி அக்காவுக்கும், வேலை முடிஞ்சு நேரா வந்து ஓரமா உக்காந்துருக்க சுகாதார ஆய்வாளர் தம்பிக்கும், ரிட்டயர்டு காம்பவுண்டர் அய்யாவுக்கும் (அவுக கையால ஊசி போட்டுக்காத ஆளு யாராச்சும் இருந்தா கை தூக்குங்க பாப்போம்), வருசா வருசம் இந்த விழாவ ஒத்த ஆளா இழுத்துட்டு வார நூலகர் அம்மாவுக்கும், மைக்செட் தம்பிக்கும் வணக்கம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா ஆரியங்காவுல இருந்து பஸ் ஏறி வந்தவுகளுக்கு தனியா ஒரு வணக்கம். கடைசி பஸ்ஸுக்கு உங்கள விட்டுரணும்னு தலைவர் இப்பவே கண்ணக் காட்டுதாரு, அதனால சுருக்கா முடிச்சிருதேன்.

நோட்டீஸ்ல "அரசின் நீண்டகால சுகாதாரத் திட்டமிடல்"னு பெருசா போட்டுட்டாவ. எனக்குத் தெரிஞ்சது ஒரே பழமொழிதான், வைத்தியனுக்குக் குடுக்கறத வாணியனுக்குக் குடு, அதாவது சீக்கு வந்து டாக்டருக்கு அழுகத முன்னாலயே எண்ணெய் ஆட்டுதவருக்குக் குடுத்து நல்லா தின்னுங்கது. செக்கு அண்ணாச்சி பின்னால உக்காந்து சிரிக்காரு, விளம்பரம் இல்ல அண்ணாச்சி, நெசமாத்தான் சொல்லுதேன். சர்க்கார் போடுத திட்டத்துல மூணு விஷயம் பாக்கணும், ஒண்ணு சட்டம், ரெண்டு பணம், மூணு ஆளு.

சட்டத்துல நாம யாருக்கும் சளைச்சவுக இல்ல. மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் 1939ல வந்தாச்சு, இந்தியாவுல அந்த மாதிரி சட்டம் அதுதான் முதல்னு சொல்லுவாவ. ஆனா அப்போ நம்ம செங்கோட்டை மெட்ராஸ்லயே கிடையாது, திருவிதாங்கூர். ராஜா காலத்துலயே 1879ல உத்தரவு போட்டு சர்க்கார் ஆளுக, பள்ளிக்கூடப் பிள்ளைக, ஜெயில்காரன் எல்லாருக்கும் அம்மை குத்தணும்னு கட்டாயமாக்கிட்டாவ, அப்புறம் 1928ல கொக்கிப்புழு சர்வே, வயல்ல வெறுங்காலோட நிக்கவன் கால் வழியா ஏறுமே அந்தப் புழு. மாத்திர குடுத்தா புழு சாகும், ஆனா கக்கூஸ் கட்டி கால்ல செருப்பு போட்டாத்தான் மறுபடி வராது. வாணியனுக்குக் குடுக்கதுன்னா இதுதான்.

1956 நவம்பர் 1ல நாம இந்தப் பக்கம் வந்துட்டோம். அதுக்குப் பத்து வருசம் முன்னாலயே நாடு பூராவுக்கும் சுகாதாரத் திட்டம் போட சர் ஜோசப் போர்ங்கவர் தலைமையில வச்ச போர் கமிட்டியோட அறிக்கை வந்தாச்சு, நம்ம மெட்ராஸ் டாக்டர் லட்சுமணசாமி முதலியார் அதுல மெம்பர், அதுல தூரத்துக்கு ஒரு திட்டம், உடனடிக்கு ஒரு திட்டம்னு ரெண்டா பிரிச்சு எழுதிருக்காவ. உடனடிக்கு 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், தூரத்துக்கு 10,000லருந்து 20,000 பேருக்கே 75 பெட்டு போட்ட ஆஸ்பத்திரி. 75 பெட்டு! நம்ம பக்கத்துல எண்ணிப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்லல, சுகாதார ஆய்வாளர் தம்பி மனசு வருத்தப்படும்.

இப்போ ஒரு கத சொல்லுதேன். பறவைக் காய்ச்சல் சமயம், கேரளாவுல இருந்து வார வண்டிய எல்லாம் நிறுத்தி மருந்தடிச்சுட்டு இருந்தாவ. நம்ம ஆச்சி ஒருத்தி, பேரு வேண்டாம், உங்களுக்கே தெரியும், மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்குடுத்த மக வீட்டுக்குப் போயிட்டு கூடைக்குள்ள ஒரு நாட்டுக்கோழியோட பஸ்ல வாரா. செக்போஸ்ட்ல ஏறுன ஆளு மூடுன துணிய தூக்கிப் பாத்துட்டு "ஆச்சி, கேரளா கோழி உள்ள வரக்கூடாது"ங்காரு. ஆச்சி விடுவாளா? "ஏய்யா, இது கேரளா கோழி இல்லய்யா, நான் சித்திரைல இங்கன இருந்து கொண்டு போன குஞ்சுதான், ஊருக்குத் திரும்புது"ங்கா. கண்டக்டர் சும்மா இருக்காம "ஆதார் இருக்கா ஆச்சி"ங்கான், பஸ்ஸே சிரிக்கி. ஆச்சி இருமிக்கிட்டே இறங்குதா, இருமிக்கிட்டே சண்டை போடுதா, முந்தானைய வாயில பொத்திக்கிட்டு "அப்போ என்னையும் திருப்பி அனுப்பு, நானும் அதே வீட்டு சோத்தத்தான் தின்னேன்"ங்கா. கடைசியில கோழி மட்டும் எதுத்தாப்புல வந்த பஸ் டிரைவர் கால்மாட்டுல ஏறி மக வீட்டுக்கே போயிருச்சு, ஆச்சி ஊருக்கு வந்துட்டா.

சிரிச்சது போதும். அந்த ஆச்சிக்கு இருமல் ஒரு மாசமா இருந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல இருமுனா சளி டெஸ்ட் எடுக்கணும்னு சுவர் சுவரா எழுதி வச்சிருக்காவ. கோழிய சோதிச்ச இடத்துல ஆச்சிய ஒருத்தரும் கேக்கல, அவுகளச் சொல்லி குத்தமில்ல, அவுக வேலை கோழி பாக்கது. டிபின்னு தெரிய மேற்கொண்டு ரெண்டு மாசம் ஆச்சு, ஆறு மாசம் மாத்திர தின்னு இப்போ நல்லா இருக்கா, கோழியும் வளக்கா.

2024 டிசம்பர்ல திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி குப்பைய திருநெல்வேலி நடுக்கல்லூர் பக்கம் கொட்டுனானே, பசுமைத் தீர்ப்பாயம் போட்ட போடுல ரெண்டு சர்க்காரும் பேசி லாரி வச்சு திருப்பி அள்ளிட்டுப் போனாவ. கோழிக்குப் பேசுதிய, குப்பைக்குப் பேசுதிய, மனுசனுக்குப் பேச மாட்டியளா?

நாம மெட்ராஸோட சேந்த அதே 1956லதான் சென்னையில டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாவ. சானடோரியத்துல படுக்க வச்சு பாக்கதும் வீட்டுல இருந்தே மாத்திர தின்னதும் ஒண்ணுதான், குணமாகும்னு உலகத்துக்கே அங்கதான் காட்டுனாவ. ஆனா மாத்திரய தின்னாளான்னு வாரா வாரம் வந்து கேக்க ஒரு ஆளு வேணும்லா. ஆளு இல்லன்னா திட்டம் நோட்டுலதான் கிடக்கும்.

அதனால எல்லாரும் தென்காசிக்கு மெடிக்கல் காலேஜ் கேக்கிய, கேளுங்க, நானும் கொடி பிடிக்கேன், மாவட்டம் ஆகி இத்தன வருசம் கழிச்சும் பெரிய சீக்குன்னா திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடுதோம். ஆனா என் கோரிக்க சின்னது. எல்லைய ஒட்டுன ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துலயும் ராத்திரி தங்குத நர்ஸ் ஒருத்தி வேணும். மாசம் ஒரு நாள் நம்ம நர்ஸும் அந்தப் பக்கத்து ஆஷாவும், வீடு வீடா போற சுகாதாரப் பணியாளர் அக்காதான், ஒரே மேசையில உக்காந்து நோட்ட மாத்திக்கிடணும், எந்த சுகர்காரன் ரப்பர் வெட்டப் போயி மாத்திரய விட்டான், எந்தப் பிள்ள பேறுகாலத்துக்கு தாய் வீட்டுக்கு வந்துருக்குன்னு. ஆஸ்பத்திரி வாசல்ல வந்து பிக்மி நம்பர், அதான் தமிழ்நாட்டுல கர்ப்பத்தப் பதிஞ்சா குடுக்க நம்பர், இருக்கான்னு கேட்டா வலியில நிக்கவ என்ன சொல்லுவா? டிபிக்கு நிக்ஷய்னு நாடு பூராவுக்கும் ஒரே பதிவு இருக்கு, ஆளு எங்க போனாலும் பின்னாலயே போகும். அத சுகருக்கும் பிரஷருக்கும் பண்ண முடியாதா? 2021ல மக்களைத் தேடி மருத்துவத்த கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில தொடங்கி வீட்டுக்கே மாத்திர வருது, ரொம்ப நல்லது, ஆனா ஆளு மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிட்டா கதவுதான் இருக்கும். இந்த நர்ஸுக்கு ஆகுத செலவு வாணியனுக்குக் குடுக்க செலவு, இல்லன்னா வைத்தியனுக்கு பத்து மடங்கா அழணும்.

பணத்தப் பத்தி பேசுதேன்னேன், மருந்து வாங்குத கழகம் 1994ல வந்ததெல்லாம் பெரிய கத, தலைவர் மணிய தொட்டுட்டாரு, அத வேற மேடையில பாப்போம்.

தீர்மானம் எழுதியாச்சு. வார நவம்பர் 1 கிராம சபையில வைக்கணும்னு தலைவி அக்காவ கேட்டுக்கிடுதேன், தலையாட்டுதாவ, எல்லாரும் பாத்துக்கிட்டிய. பேப்பர் நூலகர் அம்மா மேசையில இருக்கு. ஆரியங்காவுக்காரவுக கையெழுத்து போட்டுட்டு பஸ் ஏறுங்க, மலையாளத்துல போட்டாலும் செல்லும். நன்றி, வணக்கம்.