அடிபம்பு, அன்னாசி, வறுத்த அரிசி: எனக்குப் பிடித்த ஜப்பான் அனிமேஷன் படங்கள்

வணக்கம் மக்களே. பின்னால் அடுப்பில் ஒன்று வெந்துகொண்டிருக்கிறது, நடுவில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன், கண்டுகொள்ளாதீர்கள். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

போன வீடியோவுக்குப் பிறகு நிறையப் பேர் கேட்டது, "உங்களுக்குப் பிடிச்ச அனிமே படம் எது, ஏன் பிடிக்கும்?" எது என்று கேட்டால் உடனே சொல்லிவிடலாம். ஏன் என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தால், பறக்கிற கோட்டை, டிராகன், பிசாசு எல்லாம் எங்கேயோ போய்விட்டது, யாராவது கையால் ஒரு சின்ன வேலை செய்துகொண்டிருக்கிற காட்சிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

இயக்குநர் மியாசாகி ஹயாவோவின் 'மை நெய்பர் டொட்டொரோ' எல்லோருக்கும் தெரியும். 1988. சாட்சுகி, மே என்று இரண்டு சிறுமிகள் அப்பாவோடு கிராமத்துப் பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அந்த வீட்டில் ஒரு அடிபம்பு இருக்கிறது. அடிபம்பு அடித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ரொம்ப நாள் சும்மா கிடந்த பம்பில் மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் ஏறும். சாட்சுகியும் அதையேதான் செய்கிறாள், ஓடைக்கு வாளியோடு ஓடித் தண்ணீர் மொண்டு வருகிறாள், தங்கச்சி மேலே நின்றுகொண்டு மீன் பிடிச்சியா என்று கேட்கிறாள். கதைக்கு இந்தக் காட்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் இதைப் பார்த்த பிறகு அந்த வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று நான் நம்பிவிட்டேன், அதனால்தான் பின்னால் மழையில் பஸ் ஸ்டாப்பில் டொட்டொரோ என்கிற அவ்வளவு பெரிய காட்டு உருவம் வந்து பக்கத்தில் நிற்கும்போது, சரி, நிற்கட்டும் என்று தோன்றியது. (குடைமேல் சொட்டு விழுகிற சத்தம் கேட்டு அது சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே!)

இதே படம் ஜப்பானில் வெளியான அன்றைக்கே, அதே டிக்கெட்டில், இன்னொரு இயக்குநரான தகஹாதா இசாவோவின் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' படத்தையும் சேர்த்துக் காட்டினார்கள். அது போரில் பசியோடு தவிக்கிற ஒரு அண்ணன் தங்கையின் கதை. டொட்டொரோ பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போன அப்பா அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். நான் அதை ஒரு தடவை பார்த்தேன். அந்தத் தங்கையின் மிட்டாய் டப்பாவை இன்னொரு தடவை பார்க்கத் தெம்பில்லை, அதனால் அதைப் பற்றி இதற்குமேல் கேட்காதீர்கள்.

'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், இரண்டாம் பாதி எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. அதில் வருகிற மந்திரவாதி ஹௌல் முட்டை உடைத்து ஊற்றிவிட்டு முட்டையோட்டை அடுப்பில் இருக்கிற பேசும் நெருப்புக்குத் தின்னக் கொடுப்பானே, அதற்காக மட்டும் பத்து தடவை பார்த்திருப்பேன்.

'ஸ்பிரிட்டட் அவே', 2001. ஆஸ்கர் வாங்கிய படம், நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று. அடிபட்ட டிராகனின் வாயைப் பிளந்து கதாநாயகிச் சிறுமி சிஹிரோ மருந்தைத் திணிக்கிற காட்சி இருக்கிறது இல்லையா, அதற்கு மியாசாகி நாய்க்கு மருந்து கொடுப்பதைப் போல வரையச் சொன்னார். வரைகிறவர்கள் கால்நடை மருத்துவரிடம் போய், நாயின் வாயைத் திறந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உலகத்தில் இல்லாத டிராகனுக்கு இவ்வளவு மெனக்கெடல்! அந்தத் தாடை அவள் கையை எதிர்த்து இறுகுவது நமக்கே தெரிகிறது.

இருங்கள், அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ம், ஆகட்டும். இப்போது என் உயிர்ப் படம். 'ஒன்லி யெஸ்டர்டே', 1991, தகஹாதா. டேகோ என்று 27 வயதுப் பெண், டோக்கியோவில் வேலை, லீவு போட்டுக் கிராமத்துக்குக் குசும்பப்பூ பறிக்கப் போகிறாள், போகிற வழியெல்லாம் 1966-இல் ஐந்தாம் வகுப்பு படித்த தன் நினைவாகவே இருக்கிறது. சண்டை இல்லை, மந்திரம் இல்லை. அதில் அன்னாசிப்பழக் காட்சி ஒன்று வரும். அன்றைக்கு அவர்களுக்கு டப்பாவில் வருகிற அன்னாசிதான் பழக்கம், முழுப்பழம் வீட்டுக்கு வருவது பெரிய விஷயம். ஆளாளுக்கு முகர்ந்து பார்க்கிறார்கள், ஆனால் வெட்டத் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை. அக்கா எங்கேயோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த பிறகுதான் கத்தியே வைக்கிறார்கள். குடும்பமே சுற்றி உட்கார்ந்து முதல் துண்டை வாயில் போடுகிறது. மெல்லுகிறது. யாரும் பேசவில்லை. பழம் கெட்டி, இனிப்பும் இல்லை. ஒவ்வொருத்தராகத் தங்கள் துண்டைத் தள்ளிவிட, ஆசைப்பட்டுக் கேட்ட டேகோ மட்டும் பிடிவாதமாக எல்லாவற்றையும் மென்று முழுங்குகிறாள். நாம் கேட்டுக் கேட்டு வாங்கவைத்த ஒரு பொருள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்காமல் போகும்போது ஒரு அவமானம் வருமே, அது அந்தப் பிள்ளையின் கன்னத்தில் இருக்கிறது.

பெரியவளான டேகோவின் காட்சிகளுக்கு முதலில் நடிகர்களைப் பேசவைத்துப் பதிவு செய்துவிட்டு, பிறகு அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி வாயும் கன்னமும் அசைவதை வரைந்தார்கள். சிரித்தால் கன்னத்தில் கோடு விழுகிறது. சிலருக்கு அந்தக் கோடு பிடிக்காது, வயசானவள் மாதிரி இருக்கிறாள் என்பார்கள். எனக்குப் பிடிக்கும்.

கடைசியாக 'இன் திஸ் கார்னர் ஆஃப் த வேர்ல்ட்', 2016, இயக்குநர் கதபுச்சி சுனாவோ. பொதுமக்கள் 3,000 பேருக்கு மேல் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஆரம்பித்துவைத்த படம். படம் பார்க்காதவர்கள் ஒரு நிமிடம் தள்ளிவிடுங்கள், கதையை உடைக்கப்போகிறேன். ஹிரோஷிமா பக்கத்தில் குரே என்கிற கடற்படைத் துறைமுக ஊருக்கு சுசு கல்யாணமாகி வருகிறாள். போர்க்காலம், ரேஷன் குறைந்துகொண்டே போகிறது, வேலியோரம் முளைக்கிற கீரையையெல்லாம் பறித்து சமைக்கிறாள், தைக்கிறாள், நேரம் கிடைத்தால் படம் வரைகிறாள். ஒரு மணிநேரத்துக்கு மேல் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அப்புறம் ஒரு நாள் தாமதமாக வெடிக்கிற குண்டு ஒன்று அவள் வலது கையை எடுத்துக்கொள்கிறது. மூலக் காமிக்ஸை வரைந்த கோனோ ஃபுமியோ அதற்குப் பிறகு பின்னணிகளைத் தன் இடது கையால் வரைந்தார், கோடெல்லாம் கோணல்மாணலாக இருக்கும்.

சரி, அடுப்பு விஷயம். அந்தப் படத்தில் சுசு ஒரு சோறு செய்வாள். அரிசியை வறுத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து வேகவைத்தால் கொஞ்ச அரிசி உப்பிப் பானை நிறைய வரும். குடும்பமே ஆசையாக உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டதும் முகம் போகிற போக்கு தனி. அதைத்தான் ஒரு டம்ளர் பொன்னி அரிசியில் செய்திருக்கிறேன். அளவு நன்றாகவே கூடியிருக்கிறது. அம்மா இப்போதுதான் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். "போர் முடிஞ்சு போச்சுல்ல, அப்புறம் எதுக்குடா இது?" என்று கேட்டுவிட்டு மாவு இருக்கிறதா என்று பார்க்க ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டிருக்கிறார்கள். நான் போய்த் தோசைக்கல்லை வைக்கிறேன்.