அங்கத்தவருக்கு மட்டும் ஒரு வேகன்

(திருகோணமலையில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

மேசையில் இருக்கும் இந்தச் சின்ன மாதிரிப் புகையிரத வேகனைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம். பின்வரிசையில் ஓர் ஐயா, "தொட்டால் மதிப்புக் குறைந்துவிடாதா?" என்று கேட்கிறார். குறையட்டும் ஐயா. அந்த மதிப்பைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் 1859இல் தொடங்கிய, மாதிரிப் புகையிரதம் செய்யும் மார்க்ளின் நிறுவனம், 1993இல் 'இன்சைடர்' என்றொரு கழகத்தை ஆரம்பித்தது. வருடச் சந்தா கட்டினால் அந்த வருடத்துக்கென்றே செய்த ஒரு வேகன் கையில் வந்து சேரும். கடையில் அது விற்பனைக்கு வராது. அடுத்த வருடம் வேறொன்று. இங்கிலாந்தில் ஹோர்ன்பி, பாக்மன் என்ற மாதிரிப் புகையிரதக் கம்பனிகளின் கழகங்களும் அங்கத்தவருக்கென்று தனி வேகன்கள் வெளியிட்டிருக்கின்றன.

பெரும்பாலும் ஏன் வேகன்? எஞ்சின் கொடுத்தால் என்ன? எல்லாம் கணக்குத்தான். புதிதாக ஒன்று செய்வதென்றால் முதலில் உடம்பை வார்க்க எஃகு அச்சு வெட்ட வேண்டும். காசு முக்கால்வாசி அங்கேயே கரைந்துவிடும். பழைய அச்சு கையில் இருந்தால், அதே உடம்புக்கு வேறு நிறம், வேறு எழுத்துப் போதும். எழுத்து வெட்டிய தகட்டில் மை பூசி, அதன்மேல் மெத்தென்ற சிலிக்கன் திண்டு ஒன்றை இறக்குவார்கள். அது மையை ஒற்றி எடுத்து வேகனின் பக்கவாட்டில் பதிக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு தடவை. சில்லுக்கு மேலே இந்த மூலையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்: வெறும் வேகனின் எடை, எவ்வளவு பாரம் ஏற்றலாம், கடைசியாகப் பரிசோதித்த திகதி, எல்லாம் இருக்கிறது. ஒரு மில்லிமீற்றர் உயரம்கூட இல்லாத எழுத்து, ஒன்றாவது கலங்கவில்லை. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஆசை வந்ததே இந்த மூலையால்தான்.

"பெயின்ற் மாற்றி ஏமாற்றுகிறார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியான பேச்சில்லை. உண்மையான புகையிரதத்திலும் அதுதானே நடந்தது? இங்கிலாந்தில் நிலக்கரி முதலாளிமாரும் சுரங்கக்காரரும் சொந்தமாக வேகன் வைத்திருந்தார்கள். ஒரே வடிவம், பக்கத்தில் மட்டும் அவரவர் பெயரும் ஊரும் பெரிய எழுத்தில். 1948இல் அவற்றை அரசுடைமையாக்கியபோது ஐந்து லட்சத்துக்கும் மேல் இருந்தன. ஜெர்மனியில் பியர் ஆலைகளின் வெள்ளை வேகன்களும் அப்படியே.

அப்புறம், அரிது என்ற கதை. அங்கத்தவருக்கு மட்டும் என்றால் அங்கத்தவர் எல்லாரிடமும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆயிரக்கணக்கான வீடுகளில் அதே வேகன், அதே அட்டைப்பெட்டியில், திறக்காமல் தூங்குகிறது. சேர்த்தவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் அலுமாரியோடு விற்கிறார்கள்; ஒரே நேரத்தில் நூறு பேர் விற்க வந்தால் விலை எங்கே ஏறும்? ஆகவே காசு பெருகும் என்று யாரும் இதில் இறங்க வேண்டாம். ஓடவிடப் பிரியமிருந்தால் வாங்குங்கள். அதற்கும் ஒரு சங்கதி: மார்க்ளின் பாதையில் மின்சாரம் நடுவிலுள்ள குமிழ்கள் வழியாக வருகிறது. அதனால் அவர்களுடைய வேகனில் இரண்டு பக்கச் சில்லுக்கும் இடையே அச்சாணி வழியாக மின்சாரம் கடக்கும். மற்றக் கம்பனிகளின் பாதையில் மின்சாரம் இரண்டு தண்டவாளத்தாலும் தனித்தனியே வருகிறது; அந்த வேகனை அதில் வைத்தீர்களென்றால் ஷோர்ட் ஆகிவிடும். சில்லை மாற்றிவிட்டு வையுங்கள்.

திறக்காமல் வைப்பவர்களுக்கு நம் ஊர்க் காற்றே எதிரி. கடல் உப்பு அச்சாணியில் துரு ஏற்றும். அட்டை பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே வைத்த நுரைப்பஞ்சு காலப்போக்கில் பிசினாகிப் பெயின்றோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய, நாக உலோகத்தில் (துத்தநாகத்தில்) வார்த்த சாமான் என்றால் இன்னும் மோசம். நாகத்தில் ஈயம் கலந்திருந்தால் உலோகம் உள்ளேயே வெடித்து உதிரும். வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். வெளியே எடுத்து ஓடவிட்டால் கோளாறாவது கண்ணில் படும்.

எனக்கு மிகவும் பிடித்த கழகம் எது என்றால் கம்பனி நடத்துவது அல்ல. இங்கிலாந்தில் 'என் கேஜ் சொசைட்டி' (N Gauge Society) என்று 1967இலிருந்து ஒன்று இருக்கிறது, 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறவர்கள் நடத்துவது. பெரிய கம்பனி தொடாத வேகன்களைத் தாங்களே செய்வித்து அங்கத்தவருக்கு மட்டும் கொடுக்கிறார்கள். 'நமக்கு மட்டும்' என்பதில் அப்போது ஒரு நியாயம் வருகிறது: வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

நம் வேகனை யார் செய்வார்கள்? சீனக்குடாவிலிருந்து மா ஏற்றிக்கொண்டு கந்தளாய், கல் ஓயா என்று போகும் வேகனை எந்தக் கோப்பிங்கனும் செய்யப்போவதில்லை. எண்ணெய்த் தாங்கி வேகனும் அப்படித்தான். நாம் ஒரு இருபது பேர் சேர்ந்தால் செய்யலாம் என்கிறேன்.

சிக்கல் தண்டவாளத்தின் அகலத்தில் இருக்கிறது. 1927இல் திருகோணமலைக்கு வந்த நம் பாதை ஐந்தரை அடி, அதாவது 1676 மி.மீ.; ஐரோப்பாவில் பெரும்பாலும் 1435. ஐரோப்பிய மாதிரிகள் பெரும்பாலும் 1:87, அதாவது உண்மையில் 87இல் ஒரு பங்கு. கடையில் வாங்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தை 87ஆல் பெருக்கினால் அந்த 1435தான் வரும். நம்முடையதை 87ஆல் வகுத்தால் 19.3. ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம். கடைச் சில்லின்மேல் நம் வேகனை ஏற்றினால் கால் சூம்பிப்போய்த் தெரியும். 1:102 என்று சிறிதாக்கினால் தண்டவாளம் பொருந்தும், பக்கத்தில் வைக்க ஒரு லொறிகூடக் கிடைக்காது. ஆகவே 1:76 என்பேன். அதில் நம் பாதை 22 மி.மீ. வருகிறது, மனிதப் பொம்மை, வீடு, லொறி எல்லாம் இங்கிலாந்து அளவில் தாராளமாகக் கிடைக்கின்றன. தண்டவாளத்தை மட்டும் நாமே போட வேண்டும்.

உடம்புக்கு எஃகு அச்சு வேண்டாம். ஒன்றை ஒழுங்காகச் செய்து சிலிக்கனில் பதிவெடுத்தால், ரெசின் ஊற்றி இருபது பிரதி எடுக்கலாம். எழுத்துக்குத் தண்ணீரில் நனைத்து ஒட்டும் படலம். இந்தச் சின்ன எழுத்துவரைக்கும் வர வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

முதலில் உண்மையான வேகனை அளக்க வேண்டும். யார்டுக்குள் போக அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட ஆள் வேண்டும். வரைபடம் கீறத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. போகும்போது இந்தக் கொப்பியில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.