எல்லையில் கேட்காத டிக்கெட்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து நானும் என் கணவரும் மட்டும் தனியாகப் போன முதல் வெளிநாட்டுப் பயணம் இது. நவம்பர் மாதம், 6 நாள், டான்யூப் ஆற்றங்கரையில் 3 தலைநகரங்கள்: ஆஸ்திரியாவின் வியன்னா, ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா, ஹங்கேரியின் புடாபெஸ்ட். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே மூன்றுக்கும் போதும். ஆனால் அந்த ஒன்றுக்குச் சேர்த்த காகிதக்கட்டு இருக்கிறதே, பேங்க் கணக்கு, காப்பீடு, ஓட்டல் பதிவு என்று, கிளம்புவதற்கு முன்பே பாதிக் களைப்பு வந்துவிட்டது.

வியன்னாவில் மழை. அரண்மனையைவிடக் காப்பிக்கடையில்தான் அதிக நேரம் இருந்தோம். 'மெலாஞ்ஜ்' என்று கேட்டால் நுரை கட்டிய பால் காப்பி வரும். கூடவே ஒரு தம்ளர் தண்ணீர், அதன்மேல் கவிழ்த்து வைத்த ஸ்பூன். ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். நாம் கேட்டால்தான் பில்லே வரும்.

அங்கிருந்து பிராட்டிஸ்லாவா சுமார் 60 கிலோமீட்டர், ரயிலில் ஒரு மணி நேரம். சென்னைக் கடற்கரையில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்குகிற தூரம்தான். பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லைக்காகக் காத்திருந்தேன். வயல், காற்றாலை, மறுபடி வயல். கைப்பேசியில் ஸ்லோவாக்கியா வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் தாண்டிவிட்டோம் என்றே தெரிந்தது. 1989 வரை, ஸ்லோவாக்கியப் பக்கம் கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்தபோது, இதே எல்லையில் முள்வேலி. தப்பிக்கப் பார்த்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. (இப்போதும் சில சமயம் சோதனை உண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள்.)

பிராட்டிஸ்லாவாவுக்கு எங்களிடம் அரை நாள்தான். புனித மார்ட்டின் தேவாலயத்தின் கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதில் ஒரு கிரீடம் இருக்கிறது. இன்றைய புடாபெஸ்ட்டின் ஒரு பகுதியான புடா நகரம் துருக்கியர் கைக்குப் போனதால், 1563 முதல் 1830 வரை ஹங்கேரி மன்னர்கள் பலருக்கு இங்கேதான் முடிசூட்டினார்கள். அடுத்த ஊர் புடாபெஸ்ட் என்பதால் அந்தக் கிரீடத்தைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தோம்.

புடாபெஸ்ட்டில்தான் மாட்டிக்கொண்டோம். அங்கே 1896இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில் இன்னமும் ஓடுகிறது. மஞ்சள் நிறக் குட்டிப் பெட்டிகள், தெருவிலிருந்து பத்திருபது படி இறங்கினால் நிலையம். டிக்கெட் வாங்கி, பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஏறினோம். உள்ளே இறங்கும் இடத்தில் ஒரு சின்ன இயந்திரம் இருக்கிறது. அதில் டிக்கெட்டைச் செருகி முத்திரை குத்தவேண்டும், குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. பரிசோதகர் அதை மூன்று தடவை சொன்னார். "ஏங்க, காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" என்று நான் தமிழிலேயே கேட்டேன். பலனில்லை. இரண்டு நாட்டு எல்லைகளில் ஒருவரும் கேட்காத எங்களை இரண்டு நிலையங்களுக்கு நடுவே பிடித்துவிட்டார்கள். அன்றைய இரவுச் சாப்பாடு அபராதத்தில் போயிற்று. ரொட்டியும் வாழைப்பழமும்தான். அப்புறம் இரண்டு நாளும் என் கணவர் ஒவ்வொரு டிக்கெட்டையும் குத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அதே ரயிலில்தான் செச்செனி வெந்நீர்க் குளத்துக்குப் போனோம். 1913இல் கட்டிய மஞ்சள் மாளிகை, நடுவே திறந்தவெளிக் குளங்கள், பூமிக்கடியிலிருந்து வரும் சுடுநீர். முழங்கால் வரை நீண்ட நீச்சலுடை வாங்கி வந்திருந்தேன், ஆனாலும் துண்டை விட மனசு வரவில்லை. வெளியே குளிரில் பல் கிட்டியது. சுற்றிலும் என்னைவிட மூத்த பாட்டிமார்கள் கழுத்தளவு நீரில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். சரி என்று இறங்கிவிட்டேன்.

ஆவிக்கு நடுவே இரண்டு பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் பக்கத்தில் போய் நின்றார். ஒருவர் குதிரையை நகர்த்தியதும் இவர் 'ச்சு' என்றார். அந்தப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார், காயைத் திரும்ப எடுத்தார், தள்ளி இடம் விட்டார். அடுத்த ஆட்டம் இவருடையது. என் கணவர் தோற்று முடிக்கும் வரை நானும் தண்ணீரைவிட்டு எழவில்லை.