சோலாருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மாடி ஏறிப் பாருங்கள்

[திரையில்: மதிய வெயிலில் ஒரு மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, ஓரத்தில் உடைந்த தட்டோடுகள்.]

வணக்கம். வீட்டுக்கு சோலார் போடுவது என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கான வீடியோ இது. லாபமா நஷ்டமா என்ற கணக்கு இதில் வராது. மானியத்தை மட்டும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் 78,000-க்கு மேல் கிடையாது. அவ்வளவுதான். இனி பாதுகாப்பு.

"ஆன்லைனில் விண்ணப்பித்தோம், ஈபி-யில் ஓகே ஆகிவிட்டது, அப்புறம் என்ன?" என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அந்த ஓகே உங்கள் வீட்டைப் பார்த்துக் கொடுத்தது இல்லை. 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வே வேண்டாம் என்று 2024-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். விண்ணப்பம் சீக்கிரம் நகர்வதற்கு அது நல்லதுதான், ஆனால் தளம் தாங்குமா, வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கட்டத்தில் யாரும் உங்கள் மாடிக்கு வரப்போவதில்லை. எல்லாம் மாட்டி முடித்த பிறகு மீட்டர் மாற்ற வருவார்கள். அதற்குள் பேனல் மேலே போயிருக்கும், பணமும் போயிருக்கும். அதனால் பார்க்க வேண்டியதை நாம்தான் பார்க்க வேண்டும், அதையும் அட்வான்ஸுக்கு முன்னால்.

[திரையில்: சீலிங்கில் ஈரக்கறை, காரை பெயர்ந்து தெரியும் துருக்கம்பி]

முதலில் தளம். பேனல்கள் சாதாரணமாக 25 வருடம் உழைக்கும். அந்த 25 வருடமும் அதற்கு அடியில் இருக்கும் இடத்தைக் கொத்தவோ ஓடு மாற்றவோ பெரும்பாடு. மழையில் சீலிங் ஊறுகிறது, காரை விழுந்து கம்பி தெரிகிறது என்றால் அதைச் சரிசெய்த பிறகுதான் மற்ற பேச்சு.

எடையைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் நல்ல காங்கிரீட் மாடிக்கு அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. 540 வாட் பேனல் ஒன்று சுமார் 28 கிலோ. 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல், அதாவது 170 கிலோ, கூடவே இரும்புச் சட்டம், இவ்வளவும் ஏறத்தாழ 300 சதுர அடியில், அதாவது சுமார் 28 சதுர மீட்டரில், பரவி நிற்கிறது. ஆட்கள் நடமாடும் மாடி சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்க வேண்டும் என்று கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 சொல்கிறது. மெட்ராஸ் டெரஸ் வீடுகள் மட்டும் வேறு கதை. மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய அந்தப் பழைய தளங்களில், உத்திரத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. அந்த மாதிரி வீடாக இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துக் காட்டாமல் ஒரு பேனலைக்கூட ஏற்றாதீர்கள். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

உண்மையான எதிரி காற்று. சாய்த்து வைத்த பேனல், காற்றுக்கு எதிரே பிடித்த முறம் மாதிரி. அடியில் புகுந்த காற்று அதை மேலே தூக்கத்தான் பார்க்கும். அதே ஐஎஸ் 875-இல் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோவைக்கும் மதுரைக்கும் நொடிக்கு 39 மீட்டர். வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும், ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதனால் சென்னையில் அது கோவையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். 180 கிலோமீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ அழுத்தம். ஒரு பேனலின் பரப்பு இரண்டரை சதுர மீட்டர். வெறும் 28 கிலோ எடையுள்ள பேனலை எத்தனை கிலோ விசை இழுக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2016-இல் வர்தா சென்னையை என்ன செய்தது, 2018-இல் கஜா டெல்டாவை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. "கோயம்புத்தூரில் நூறு வீட்டுக்கு இதே ஸ்டாண்டுதான் போட்டோம் சார்" என்று நாகப்பட்டினத்தில் வந்து ஒருவர் சொன்னால், அங்கே போட்டது இருக்கட்டும், இந்த ஊர்க் காற்றுக்குப் போட்ட கணக்கைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

[திரையில்: தளத்தின் குறுக்குவெட்டுப் படம். மேலே தட்டோடு, நடுவில் செங்கல் ஜல்லி, அடியில் காங்கிரீட்]

இந்தப் படத்தைக் கொஞ்சம் நன்றாகப் பாருங்கள். நம் ஊர் மொட்டைமாடியில் நீங்கள் மிதிக்கிற இடம் காங்கிரீட் இல்லை. மேலே தட்டோடு, அதற்கடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த வெதரிங் கோர்ஸ், அதற்கும் கீழேதான் நாலைந்து அங்குல காங்கிரீட். போல்ட் தட்டோட்டையும் ஜல்லியையும் மட்டும் பிடித்து நின்றால், பார்க்க கெட்டியாகத்தான் தெரியும், முதல் பெருங்காற்றில் பிடுங்கிக்கொண்டு வரும். காங்கிரீட் வரைக்கும் ஆழமாகத் துளைக்கலாமே என்றால், சீலிங் ஃபேனுக்குப் போகிற வயர் பைப் பெரும்பாலும் அந்த காங்கிரீட்டுக்குள்தான் புதைந்திருக்கும், அதோடு ஒவ்வொரு துளையும் மழைத்தண்ணீருக்கு ஒரு வாசல். அதனால் துளைக்கத்தான் வேண்டும் என்றால் எங்கே, எவ்வளவு ஆழம், கெமிக்கல் ஆங்கரா (ரசாயனப் பசையால் பிடிக்கும் போல்ட்), துளையை எதை வைத்து அடைப்பீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். துளையே போடாமல் கனமான காங்கிரீட் கட்டைகளை வார்த்து அதில் கால்களை நிறுத்தும் முறையும் உண்டு. தளத்துக்கு அது நல்லது, ஆனால் கட்டையின் எடையைக் காற்று கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், சைட்டில் கிடக்கிற பெயிண்ட் வாளியை அச்சாக வைத்து அல்ல.

கடலோர ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பேனலைத் தாங்கும் சட்டம் ஹாட் டிப் கால்வனைஸிங் செய்த, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பாக, பூச்சு 80 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்கட்டும். போல்ட், நட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சில்வர் பெயிண்ட் அடித்த சாதாரண இரும்பு உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

[திரையில்: மாடிக்குப் பக்கத்தில் போகும் மின்கம்பி]

அடுத்தது மின்கம்பி. வடாம் காயப்போடவும் துணி உலர்த்தவும் இடம் வேண்டும் என்று எட்டடி, பத்தடி உயரத்துக்கு ஸ்டாண்ட் தூக்கிப் போடுவது இப்போது சகஜம். தரையிலிருந்து பார்த்தபோது தூரமாக இருந்த கம்பி, அந்த உயரத்தில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே போனால் செங்குத்தாக 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. வேலை நடக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் ஆறு மீட்டர் நீள ஜிஐ பைப்பைக் கீழேயிருந்து மேலே தூக்கும்போது அதன் மறுமுனை எங்கே போகிறது என்று தூக்குகிறவருக்குத் தெரியாது. கம்பி பக்கத்தில் போகிறது என்றால் முன்கூட்டியே ஈபி-யில் எழுதிக்கொடுத்து அன்றைக்கு லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். உங்கள் போர்டில் இன்னும் பழைய பீங்கான் ஃப்யூஸ் இருக்கிறதா? மூன்று துளை பிளக்கில் எர்த் துளைக்கு உண்மையிலேயே வயர் வருகிறதா, இல்லை சும்மா அழகுக்கு இருக்கிறதா? நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து இதைப் பாருங்கள், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் போடுங்கள். இதெல்லாம் சோலார் கம்பெனியின் கொட்டேஷனில் வராது.

எர்த் குழிதான் அடுத்த தலைவலி. பேனல் சட்டத்துக்கு ஒன்று, பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி-யாக மாற்றும் இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று குழி வெட்டுவது வழக்கம். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும், அதுவும் மண் காய்ந்திருக்கும் வெயில் காலத்தில் அளந்தால்தான் நம்பலாம். சுற்றிலும் டைல்ஸ் ஒட்டி, எல்லை வரைக்கும் கட்டிய நகரத்து வீட்டில் மூன்று குழிக்கு எங்கே போவது? அதை இன்றைக்கே யோசியுங்கள். கடைசி நாளில் யோசித்தால் மூன்றையும் ஒரே குழியில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இடிதாங்கியின் கம்பி தனியாக, முடிந்தவரை வளையாமல் கீழே இறங்க வேண்டும். பேனல் கேபிளோடு சேர்த்துக் கட்டக்கூடாது.

[திரையில்: பேனலின் பின்பக்கம், கனெக்டர்கள்]

பேனலிலிருந்து வருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட்டை நெருங்கும், வெயில் இருக்கும் வரை அதை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. கீழே மெயினை ஆஃப் செய்தாலும் மேலே கேபிளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. டிசி-க்கு அந்த இடைவெளியே இல்லை, பிடித்த பொறி எரிந்துகொண்டே இருக்கும். அதனால் டிசி பக்கத்தில் டிசி-க்கென்றே செய்த பிரேக்கரும் ஐசொலேட்டரும் மட்டும்தான். பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை வேறு கம்பெனி என்று கலக்கக் கூடாது, பார்க்க சரியாகப் பொருந்தும், உள்ளே பிடிப்பு சரியில்லாமல் சூடேறி உருகும். பேனலுக்கு அடியில் காய்ந்த மட்டை, பழைய பேப்பர், அட்டைப்பெட்டி எதுவும் போடாதீர்கள்.

இன்வெர்ட்டரை எங்கே மாட்டுவது? மேற்கு வெயில் அடிக்கிற சுவர் வேண்டாம், கேஸ் சிலிண்டர் பக்கம் வேண்டாம், மரப்பலகை மேல் வேண்டாம், குழந்தை கைக்கெட்டாத உயரம், காற்றோட்டம். சரி, அது எளிது. எளிதில் கோட்டைவிடுவது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பேட்டரி யுபிஎஸ்ஸையும் ஜெனரேட்டரையும்தான். கரண்ட் போனால், ஈபி லைனோடு இணைந்த கிரிட் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் சோலாரை யுபிஎஸ்ஸின் அவுட்புட் பக்கத்தில் இணைத்துவிட்டால், யுபிஎஸ் கொடுக்கும் மின்சாரத்தையே ஈபி கரண்ட் என்று நினைத்துக்கொண்டு சோலார் அதற்குள் தள்ளும், யுபிஎஸ் புகையும். ஜெனரேட்டருக்கும் இதே கதி. சர்வே பார்க்க வருகிற பையனிடம் இரண்டையும் கட்டாயம் காட்டுங்கள், எங்கே இணைக்கப் போகிறீர்கள் என்று ஒரு பேப்பரில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

[திரையில்: மாடி விளிம்பில் கயிறு கட்டி வேலை செய்யும் ஆள்]

வேலை நடக்கும் நாளில் கைப்பிடிச்சுவர் இல்லாத மாடியாக இருந்தால் வேலையாட்களுக்கு சேஃப்டி பெல்ட்டும், அதை மாட்ட உறுதியான இடமும் இருக்கிறதா என்று பாருங்கள். "பழகின பசங்க சார், ஒண்ணும் ஆகாது" என்பதை ஏற்காதீர்கள். மழை தூறினால், காற்று பலமாக அடித்தால் அன்றைக்கு வேலை வேண்டாம். முடிந்தால் ஐப்பசிக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

கொட்டேஷனில் காற்று வேகக் கணக்கு, ஆங்கர் முறை, எர்த் குழி எண்ணிக்கை, டிசி பிரேக்கர், எஸ்பிடி (திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும் கருவி), இடிதாங்கி, தளத்தில் கசிவு வந்தால் யார் பொறுப்பு, இவ்வளவும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "ஆல் இன்க்ளூடட்" என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தால் திருப்பிக்கொடுங்கள். எர்த் ரீடிங்கை உங்கள் கண்முன்னால் அளந்து எழுதிக் கொடுக்கும் வரை கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள்.