தன்னம்பிக்கை வந்தப்புறம் பேசலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஒரு சகோதரி கேட்ட கேள்வி மனசுல அப்படியே நின்னுடுச்சு, அதனால இன்னிக்கு அதையே எடுத்துக்கிறேன். "வேலை எனக்கு நல்லாத் தெரியும். ஆனா மீட்டிங்ல வாய் திறக்க முடியல. நான் நினைச்சதையே பக்கத்துல இருக்கிறவர் சொல்லிப் பாராட்டு வாங்கிடுறார். தன்னம்பிக்கை வந்ததும் பேசலாம்னு இருக்கேன். அது வர என்ன செய்யணும்?"னு கேட்டிருக்காங்க.

அம்மா, நீங்க வரிசையை மாத்தி வெச்சிருக்கீங்க. தொடர்ந்து பாக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்வேன்னு தெரியும். முதல்ல செயல், தன்னம்பிக்கை அதுக்குப் பின்னாடிதான் வரும். பேசினாத்தான் அது வரும். அது வந்தப்புறம் பேசலாம்னு உக்காந்திருந்தா வராது.

ஆல்பர்ட் பாண்டுரான்னு ஒரு உளவியல் அறிஞர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல இருந்தவர். பாம்புன்னாலே நடுங்கிறவங்களை வெச்சு அவரும் சக ஆய்வாளர்களும் செஞ்ச ஆய்வு 1969-ல வெளிவந்துச்சு. "பயப்படாதீங்க"ன்னு யாருக்கும் உபதேசம் பண்ணல. முதல்ல இன்னொருத்தர் பாம்பைக் கையாளுறதைப் பாக்க வெச்சாங்க. அப்புறம் கூடவே நின்னு, கையுறை போட்டுத் தொட வெச்சாங்க, பிறகு வெறுங்கையால. இப்படிப் படிப்படியா தொட்டவங்களுக்குத்தான் பயம் நல்லாக் குறைஞ்சுது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, பாம்பு பயம் போனவங்க, வாழ்க்கையில மத்த விஷயங்களையும் துணிஞ்சு செய்ய ஆரம்பிச்சாங்க. பாண்டுரா இதை ஆராய்ஞ்சு 1977-ல ஒரு பெரிய கட்டுரையே எழுதினார். 'என்னால முடியும்'ங்கிற நம்பிக்கை நாலு வழியில வரும்னார்: நாமே செஞ்சு முடிச்சது, நம்மைப் போன்றவர் செய்யறதைப் பாக்கிறது, அடுத்தவர் தர்ற ஊக்கம், நம்ம உடம்பும் மனசும் இருக்கிற நிலை. நாலுல வலுவானது முதலாவதுதான். செஞ்சு முடிச்சது! இதை நான் எத்தனை தடவை வேணும்னாலும் சொல்வேன்.

சரி, மீட்டிங்ல கையுறை போட்டுத் தொடறது எப்படி? நான் நடத்தின ஒரு பயிற்சியில கணக்குப் பிரிவுல வேலை பாக்கிற ஒருத்தர் இருந்தார். பேச்சே வராது. அவர்கிட்ட, "கருத்து சொல்ல வேணாம், ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கிட்டுப் போங்க, முதல் பத்து நிமிஷத்துக்குள்ள கேட்டுடுங்க"ன்னேன். நாலா மடிச்ச சின்னத் தாள்ல எழுதிக்கிட்டுப் போயிருக்கார். "இந்தத் தொகை போன மாச ரிப்போர்ட்டோட ஒத்துப்போகலையே, ஒரு தடவை சரிபாக்கலாமா?" அவ்வளவுதான். கை நடுங்க, தாளைப் பாத்தே படிச்சிருக்கார். "சரி, பாத்துடலாம்"னாராம் மேனேஜர். அடுத்த மீட்டிங்குக்கு ரெண்டு கேள்வி எழுதிக்கிட்டுப் போனார்.

ஏன் முதல் பத்து நிமிஷம்? நேரம் போகப் போக பயம்தான் ஏறும், பேச்சும் நாம சொல்ல வந்ததைத் தாண்டிப் போயிடும். கை நடுங்கினதை எல்லாரும் பாத்திருப்பாங்களேன்னு கவலை வேணாம். 2000-ல வந்த ஒரு ஆய்வுல, மாணவர்களுக்கு ஒரு பாடகர் படம் போட்ட, போடவே கூச்சப்படற டி-ஷர்ட்டைக் கொடுத்து அறைக்குள்ள அனுப்பினாங்க. அறையில இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் வரைக்கும் கவனிச்சிருப்பாங்கன்னு அதைப் போட்டிருந்தவங்க நினைச்சாங்க. உண்மையில கவனிச்சது கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான்.

இன்னொண்ணு, வாரக் கடைசியில நீங்க முடிச்ச வேலைகளைத் தேதி போட்டு எழுதி வைங்க. 'நல்லா செஞ்சேன்'னு எழுதாதீங்க, என்ன செஞ்சீங்க, அதனால என்ன மாறுச்சுன்னு எழுதுங்க. சம்பள உயர்வு பத்திப் பேசும்போதும் அது கைகொடுக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். இந்தக் கேள்வியை இவங்களோட மேனேஜர் என்கிட்ட கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஒருத்தர் வாயே திறக்கலைன்னா, அது அவரோட குறை மட்டுமா? மெல்லிசான குரல்ல ஒருத்தர் சொல்வார், யாரும் கண்டுக்க மாட்டாங்க. அதையே கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருத்தர் சத்தமா சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க. எத்தனையோ டீம்ல இது நடக்குது, பாக்கும்போது மனசு வலிக்குது.

மேனேஜரா இருக்கிறவங்களுக்குச் சொல்றேன். பேசாதவரைத் திடீர்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திணற வைக்காதீங்க. "நாளைக்கு இதைப் பத்தி உங்ககிட்ட கேப்பேன்"னு முந்தின நாளே சொல்லிடுங்க. அவர் பேசும்போது யாராவது குறுக்க வந்தா, "அவங்க முடிக்கட்டும்"னு நிறுத்துங்க. அவர் சொன்னதை வேற ஒருத்தர் எடுத்துப் பேசினா, "இதை முதல்ல சொன்னது இவங்க"ன்னு எல்லார் முன்னாடியும் அங்கயே சொல்லிடுங்க.