தம்மும் ஜீனும் (மஞ்சக்குப்பம் பெற்றோர் கூட்டத்துல பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். மணி ஏழரை ஆச்சு, பண்ருட்டி பக்கம் போறவங்க பஸ் புடிக்கணும், அதனால நேரா விஷயத்துக்கே வந்துடறேன். நான் டாக்டர் இல்லீங்க, விலங்கியல் வாத்தியார், ஆனா ப்ளஸ் டூ பசங்களோடயே காலம் ஓடினதால இந்த தம் சமாச்சாரம் கொஞ்சம் நல்லாவே தெரியும்.

பெத்தவங்ககிட்ட பேசினா ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி புடிச்சாரு சார், ஒண்ணும் ஆகல". இன்னொண்ணு, "அவங்க அப்பனும் இப்படித்தான், ரத்தத்துலயே ஊறிப்போச்சு, என்ன பண்றது". ரெண்டாவது பதில்ல பாதி உண்மை இருக்குது, அந்தப் பாதி எதுன்னு பாக்கத்தான் இன்னிக்கு வந்திருக்கேன்.

இந்த ரத்தம்ங்கற வாதம் புதுசு இல்ல. 1950ல இங்கிலாந்துல டால், ஹில்னு ரெண்டு பேரு நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினாங்க. அதை எதுத்து நின்னவரு ஆர்.ஏ.ஃபிஷர், புள்ளியியல்ல எவ்ளோ பெரிய ஆளுன்னு காலேஜ்ல படிச்சவங்களுக்குத் தெரியும். ஒரே கருவுல பொறந்த இரட்டையருங்க தம் பழக்கத்துல ரொம்ப ஒத்துப்போறாங்க, அதனால தம் அடிக்கத் தூண்டுற பரம்பரைக் கூறே புற்றுநோயையும் கொண்டு வரலாமேன்னு 1958ல எழுதினாரு. மனுஷன் பைப் புடிக்கிறவரு, சிகரெட் கம்பெனிக்காரங்களுக்கு ஆலோசகரா வேற இருந்தாரு, அதையும் சேத்தே சொல்லணும் இல்லீங்களா. புற்றுநோய் விஷயத்துல அவரு சொன்னது தப்புன்னு ஆயிடுச்சு, ஆனா பழக்கத்துல ஜீனுக்கு, அதாவது மரபணுவுக்கு, பங்கு இருக்குதுன்னது நின்னுடுச்சு.

எவ்ளோ பங்குன்னா, நிகோட்டினுக்கு அடிமையாகறதுல ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் இருக்கிற வித்தியாசத்துல ஏறக்குறைய பாதி, சில ஆய்வுல அதுக்கும் மேல. ஆனா சின்ன வயசுல மொத தம் யாரு அடிக்கிறாங்கன்னு பாத்தீங்கன்னா அங்க வீடு, கூட்டாளிங்க, கடை இதெல்லாம் தான் பெருசா நிக்குது. பள்ளிக்கூடத்துல இருந்து 100 கஜத்துக்குள்ள விக்கக்கூடாது, 18 வயசுக்குக் கீழ குடுக்கக்கூடாதுன்னு 2003லயே சட்டம் வந்தாச்சு. ஆனா டியூஷன் முடிஞ்சு வர்ற பையன் பெட்டிக்கடையில ஒத்த சிகரெட்டு கேக்கறான், கடைக்காரரு முகத்தைக்கூடப் பாக்காம எடுத்து நீட்டறாரு, கயித்துல தொங்குற லைட்டர்ல பத்தவச்சுக்கறான், மிச்சச் சில்லறைக்கு ஒரு ஹால்ஸ், அதை வாயில போட்டுக்கிட்டு நல்ல புள்ளையா வீட்டுக்கு வந்துடறான். இதுல எந்த ஜீனும் வரலீங்க.

ஜீன் வேலை அதுக்கப்புறம்தான். இழுத்த பத்து இருபது செகண்ட்ல நிகோட்டின் மூளைக்குப் போயிடுது. அதை ஒடம்புல இருந்து வெளியேத்தறது முக்கியமா கல்லீரல்ல இருக்கிற சிஒய்பி2ஏ6ங்கற என்சைம். மழை நின்னதும் சில தெருவுல தண்ணி ஒரு மணி நேரத்துல வடிஞ்சுடும், சில தெருவுல மறுநாளும் முழங்கால் அளவு நிக்கும், கடலூர்க்காரங்களுக்கு இதைச் சொல்லணுமா. அப்படித்தான் ஜீனைப் பொறுத்து சிலருக்கு இந்த என்சைம் வேகம், சிலருக்கு மந்தம். வேகமா வடியுற பெரியவங்க அடிக்கடி அடுத்ததைத் தேடுவாங்க, நிறைய புடிப்பாங்க, விடறதும் கஷ்டம்.

அப்ப மந்தமா இருக்கிற பையன் தப்பிச்சான்னு நெனப்பீங்க. கனடாவுல மான்ட்ரியல்ல ஏழாங்கிளாஸ் வயசுப் புள்ளைங்கள தொடர்ந்து பாத்து 2004ல ஒரு ஆய்வு வந்துச்சு. மந்தமான என்சைம் உள்ள புள்ளைங்க அடிமையாகற வாய்ப்பு அதிகமா இருந்துச்சு, அதுவும் கம்மியா புடிச்சுக்கிட்டே! 2007ல அமெரிக்காவுல பாத்தப்ப வேற மாதிரி, வேகமானவங்கதான் சீக்கிரம் மாட்டறாங்கன்னு வந்துச்சு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா எனக்குப் படறது என்னன்னா, "என் பையன் ஒரு நாளைக்கு ஒண்ணுதான் சார்"னு எண்ணிக்கையை வச்சு நிம்மதியா இருக்காதீங்க.

இன்னொரு ஜீன், பதினஞ்சாவது குரோமோசோம்ல, சிஹெச்ஆர்என்ஏ5னு பேரு. நிகோட்டின் அளவு மீறினா மூளையில "போதும்டா, குமட்டுது"ன்னு ஒரு சிக்னல் கிளம்பும், இந்த ஜீன்ல ஒரு எழுத்து மாறினா அது மழுங்கிடுதுன்னு எலிங்ககிட்ட செஞ்ச ஆராய்ச்சி காட்டுது. இந்த ஜீன் மாற்றம் 2008ல பெருசா பேசப்பட்டுச்சு. அதே வருஷம் இன்னொண்ணும் கண்டுபுடிச்சாங்க, 16 வயசுக்குள்ள தினமும் புடிக்க ஆரம்பிச்சவங்ககிட்ட இந்த மாற்றம் இருந்தா அடிமைத்தனம் கடுமையா இருந்துச்சு, அதுக்கப்புறம் ஆரம்பிச்சவங்ககிட்ட அந்தத் தொடர்பு தெரியல. இது ஐரோப்பிய வம்சாவளிக்காரங்ககிட்ட பாத்தது, நம்ம ஊருக்கு அப்படியே பொருத்திடக்கூடாதுதான். ஆனாலும் ஒரே ஜீன், பதினஞ்சு வயசுல ஒரு மாதிரி, இருபதுல ஒரு மாதிரின்னா, ரத்தம் ரத்தம்னு கைய விரிக்கிற அப்பாக்களுக்கு என்ன சொல்றது? தள்ளிப்போடறதே பெரிய வைத்தியம்ங்க.

அதனால பையன் மாட்டினா பெல்ட்டை எடுக்காதீங்க. ரெண்டு பேரு சேந்து ஆரம்பிப்பானுங்க, ஒருத்தன் ஒரு மாசத்துல மறந்துடுவான், இன்னொருத்தனால முடியாது. முடியாதவன் திமிரு புடிச்சவன் இல்ல, அவன் ஒடம்பு வேற.

கேள்வி ஒண்ணு சீட்டுல வந்திருக்கு, "ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?" வேணாங்க. 2019ல பன்னெண்டு லட்சம் பேர் தகவலை அலசினப்ப தம், குடி ரெண்டு பழக்கத்துக்கும் சேத்து 400க்கு மேல எடங்கள் ஜீன்ல சிக்குச்சு, ஒவ்வொண்ணும் துளித்துளியாத்தான் வேலை செய்யுது. ரிசல்ட்டு நல்லா இருக்குதுன்னு வந்தா அவன் இன்னும் தைரியமா புடிப்பான், அவ்ளோதான் நடக்கும். அதுக்குப் பதிலா தம்மை விட உதவி பண்ற 1800-11-2356 நம்பருக்குப் போன் போடுங்க, பாக்கெட்டுலயே அந்த எச்சரிக்கைப் படத்தோட அச்சடிச்சிருக்கும், காசு கிடையாது, பையனையே பேச விடுங்க, நீங்க பக்கத்துல நின்னு ஒட்டுக் கேக்காதீங்க. பின்னாடி அந்த அம்மா ரொம்ப நேரமா கையைத் தூக்கிட்டு இருக்காங்க, மைக்கை அவங்ககிட்ட குடுங்கப்பா.