எந்த லினக்ஸ் போடலாம்? 20 வருடமாக ஓட்டுகிற ஒருவனின் பதில்

வணக்கம் மக்களே. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து எனக்கு வருகிற கேள்வி ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான்: அண்ணா, எந்த லினக்ஸ் போடலாம்? சிலர் கூடவே ஒரு பட்டியலும் அனுப்புகிறார்கள், உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், ஆர்ச், இதில் எது பெஸ்ட் என்று. எது அழகாக இருக்கிறது, எது வேகமாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. அந்த டிஸ்ட்ரோ (லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் உபுண்டு, மின்ட் போன்ற தொகுப்பு) எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, மாறும்போது கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பட்டியலில் முக்கால்வாசிப் பெயர்கள் தானாகக் கழன்றுவிடும்.

இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். திருமங்கலத்தில் என் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். 2017-இல் அந்தக் கடைக் கணினியில் வைரஸ் வந்து வந்து சலித்துப்போய், நான் லினக்ஸ் போட்டுத் தருகிறேன் சித்தப்பா என்று சொல்லி, அப்போது என் மடிக்கணினியில் எது ஓடிக்கொண்டிருந்ததோ அதையே போட்டுக் கொடுத்துவிட்டேன். அது ஒரு ரோலிங் டிஸ்ட்ரோ. அதாவது புதுப் பதிப்பு என்று தனியாக எதுவும் வராது, ஒவ்வொரு மென்பொருளும் புதிதாக வர வர தினமும் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்கும், இன்றைக்கும் பிடிக்கும். மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது.

ஒருநாள் காலை எட்டரை மணிக்கு போன். "டேய், பிரிண்டர் நின்னுபோச்சுடா. நாளைக்கு பரீட்சை, ஹால் டிக்கெட் எடுக்க இருபது பிள்ளைங்க வாசல்ல நிக்குது." நான் அப்போது பெங்களூரில். என்ன நடந்தது என்றால், கடையில் வேலை பார்க்கும் பையன் முந்தின நாள் ராத்திரி அப்டேட் என்று வந்த அறிவிப்பை அழுத்தியிருக்கிறான். அதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை, அழுத்தச் சொல்லித்தானே கேட்கிறது. அந்த லேசர் பிரிண்டருக்கு டிரைவர் மட்டும் போதாது, அதோடு தனியாக ஒரு ப்ளகின் இறக்க வேண்டும், டிரைவரின் பதிப்பும் ப்ளகினின் பதிப்பும் ஒன்றாக இருந்தால்தான் அச்சு வரும். அப்டேட்டில் டிரைவர் புதிதாகிவிட்டது, ப்ளகின் பழையதாகவே நின்றுவிட்டது. என் மேசையில் இது நடந்திருந்தால் இரண்டு நிமிட வேலை, ஒரு கட்டளை போட்டு முடித்திருப்பேன். ஆனால் கட்டளை தட்டும் டெர்மினல் என்றால் என்னவென்று தெரியாத மனிதரிடம் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, நடுவில் இடைவெளி விடச் சொன்னால் எங்கே விடுவது என்று கேட்டு, ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பிள்ளைகள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா என்னைத் திட்டவே இல்லை, "சரிடா, விடு" என்றார், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வார இறுதியிலேயே ஊருக்குப் போய் டெபியன் 9 போட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை 10, 11, 12, இப்போது 2025 ஆகஸ்டில் வந்த 13 என்று நான்கு முறை மேலேற்றியிருக்கிறேன், நான்கு முறையும் பண்டிகைக்கு ஊருக்குப் போனபோது, கடை மூடியிருந்த நாளில், நானே பக்கத்தில் உட்கார்ந்து. டெபியனில் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பெரிய மாற்றம் வரும். நடுவில் வருவதெல்லாம் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள். இதில் நிறையப் பேருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது, பழைய பதிப்பு என்றால் ஓட்டை உள்ள பதிப்பு என்று நினைக்கிறார்கள். அப்படிக் கிடையாது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்து, அதே பழைய பதிப்பில் ஒட்டித் தருகிறார்கள். கடைக் கணினியில் அந்தத் திருத்தங்கள் தானாக இறங்கும்படி வைத்திருக்கிறேன். பிரிண்டர் டிரைவர் இரண்டு வருடம் அசையாது. கடைக்கு வேண்டியது அதுதான்.

இந்த நிதானம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2024 மார்ச் 29-ஆம் தேதி உலகமே பார்த்தது. ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்று ஒருவர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலை செய்பவர், தன் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் வழி) லாகின் வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் எடுப்பதைக் கவனித்தார். அரை நொடி! நீங்களும் நானும் நெட் ஸ்லோ என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை, நோண்டிக்கொண்டே போனார், கடைசியில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ திட்டம் போட்டு, ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைத்திருந்தது வெளியே வந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒரு ஆள் இரண்டு வருடத்துக்கும் மேலாக அந்தத் திட்டத்துக்கு உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பாளராகவே ஆகி, அதற்கப்புறம் செய்த வேலை அது. அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு, ஃபெடோராவின் ராஹைடு என்ற சோதனைக் கிளைக்கு, ஓப்பன்சூசே டம்பிள்வீடு, ஆர்ச் என்ற ரோலிங் டிஸ்ட்ரோக்களுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆர்ச்சில் எஸ்எஸ்எச் அந்த எக்ஸ்இசட்டின் லைப்ரரியோடு இணைந்திருக்கவில்லை என்பதால் அங்கே அந்தத் தாக்குதல் பலித்திருக்காது என்பது தனிக் கதை. டெபியன் 12-இல் இருந்தது 5.4.1. சித்தப்பா கடையில் அன்றைக்கு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ரோலிங் ஓட்டுகிறவர்களைக் குறைத்துப் பேச மாட்டேன். ஃப்ராய்ண்ட் அதைக் கண்டுபிடித்ததே டெபியனின் சிட் கிளையில்தான், எல்லாம் முதலில் வந்து விழுகிற இடம் அது. நமக்கு முன்னால் போய் முள்ளை மிதித்துப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். உங்களுக்கு நேரமும் ஆர்வமும் இருந்தால், அப்டேட்டுக்கு முன்னால் ஆர்ச் தளத்தின் முகப்பில் வருகிற செய்தியைப் படிக்கிற பழக்கம் இருந்தால், தாராளமாக ஆர்ச் போடுங்கள். ஆர்ச்சின் விக்கியைப் (பயனர்கள் எழுதும் உதவிப் பக்கங்கள்) போல ஒன்றை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, எந்த டிஸ்ட்ரோ ஓட்டினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்போம். படிக்கிற பழக்கம் இல்லையென்றால் வேண்டாம். 2022 ஆகஸ்ட் கடைசியில் கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற மென்பொருளின் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஆர்ச் வழி வந்த நிறையக் கணினிகள் பூட் ஆகாமல் நின்றன. லைவ் பென்டிரைவ் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) போட்டு உள்ளே நுழைந்து கிரப்பைத் திரும்ப நிறுவத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு காபி நேரம். தெரியாதவர்களுக்கு ஒரு நாள் போச்சு.

சரி, அப்போ எல்லோரும் டெபியன் போடலாமா? போடக்கூடாத இடமும் இருக்கிறது. போன மாதம் வாங்கிய மடிக்கணினியா? அதில் இருக்கும் வைஃபை சிப்பும் கிராபிக்ஸும் டெபியன் கெர்னல் (வன்பொருளோடு பேசும் லினக்ஸின் மையப் பகுதி) உறைந்த நாளுக்கு அப்புறம் வந்ததாக இருந்தால் டெபியனுக்கு அதைத் தெரியாது. டெபியன் 13-இல் இருப்பது 6.12 கெர்னல். புது வன்பொருளுக்கு நான் ஃபெடோரா சொல்வேன், என் சொந்த மடிக்கணினியில் இருப்பதும் அதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாத ஆதரவு, நடுவிலேயே கெர்னலும் புதிதாகிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு வேலை மட்டும் போட்டவுடனே செய்துவிடுங்கள். காப்புரிமைச் சிக்கலால் 2022-இல் ஃபெடோரா எச்.264, எச்.265 வீடியோவுக்கான கிராபிக்ஸ் உதவியை எடுத்துவிட்டது, அதனால் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற களஞ்சியத்தைச் சேர்த்து அந்த டிரைவரை மாற்றிக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் வீடியோ ஓடும்போது ஃபேன் கத்துகிறது, லினக்ஸே இப்படித்தான் என்று எனக்கு எழுதுகிறவர்கள் நிறைய.

இதோ, இதைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், தெரிகிறதா? உபுண்டு 6.06 சிடி. உறையின் ஓரம் கிழிந்து, மேலே அஞ்சல் முத்திரை மை கொஞ்சம் படிந்திருக்கிறது. 2006-இல் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும், ஷிப்இட் என்ற திட்டத்தில் வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாக அனுப்பினார்கள், தபால் செலவும் கிடையாது. அப்போது எங்கள் வீட்டில் 256 கேபிபிஎஸ் இணைப்பு, 700 எம்பியை இறக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. இந்தச் சிடி வந்த நாளில் தபால்காரர் அம்மாவிடம் "ஃபாரின்ல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார். என் முதல் லினக்ஸ் இதுதான். இதை இன்று எடுத்து வந்ததற்குக் காரணம், இந்த 6.06 என்ற எண். உபுண்டு எப்போதும் ஏப்ரலிலும் அக்டோபரிலும்தான் வரும், 6.04 என்று வந்திருக்க வேண்டியது. இதை நீண்ட காலம் ஆதரிக்கப் போகிறோம், முதல் எல்டிஎஸ் இது, இன்னும் கொஞ்சம் மெருகேற்றுகிறோம் என்று சொல்லி இரண்டு மாதம் தள்ளி ஜூனில் வெளியிட்டார்கள். தேதியைவிட இது முக்கியம் என்று முடிவெடுத்தார்கள். ஒரு டிஸ்ட்ரோவின் பின்னால் இருப்பவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் டிஸ்ட்ரோ என்பது சில மனிதர்கள் தரும் வாக்கு. ரெட்ஹேட் நிறுவனத்தின் லினக்ஸை அடியொற்றி இலவசமாக வந்த சென்ட்ஓஎஸ் 8-ஐ 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பி எத்தனையோ பேர் சர்வர்களில் போட்டிருந்தார்கள். 2020 டிசம்பரில், 2021 இறுதியோடு முடிக்கிறோம் என்று ரெட்ஹேட் பக்கமிருந்து அறிவிப்பு வந்தது. எட்டு வருடம் ஒரு வருடமாகச் சுருங்கியது. அதிலிருந்துதான் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் பிறந்தன. நிறுவனம் பின்னால் இருப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை, ஃபெடோராவுக்குப் பின்னால் இருப்பதும் அதே ரெட்ஹேட்தான், நான் பயன்படுத்துகிறேனே. ஆனால் பத்து வருடம் அசையாமல் நிற்க வேண்டிய இடத்தில் நான் டெபியனைத்தான் வைப்பேன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது, இன்றைக்கும் வருடா வருடம் டெவலப்பர்களே ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், யாரும் அதை விற்க முடியாது. மறுபக்கம் இரண்டு மூன்று பேர் ஓய்வு நேரத்தில் நடத்தும் டிஸ்ட்ரோக்கள் இருக்கின்றன. ஆன்டர்காஸ் என்று ஒன்று நன்றாக இருந்தது, 2019 மே மாதம் நேரமில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

டிஸ்ட்ரோவாட்ச் என்ற தளத்தின் தரவரிசையைக் காட்டி, இது முதலிடத்தில் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது அந்தத் தளத்தில் அந்த டிஸ்ட்ரோவின் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அழகைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ போன்ற திரைத் தோற்றங்கள் எல்லாம் எந்தப் பெரிய டிஸ்ட்ரோவிலும் கிடைக்கும். சட்டை மாற்றுகிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம், அதற்காக ஆளை மாற்ற வேண்டாம்.

விண்டோஸ் 10-இலிருந்து இப்போதுதான் வருகிறீர்கள், பக்கத்தில் லினக்ஸ் தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் மின்ட் போடுங்கள். மின்ட் 22 உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. கீழே பட்டை, மூலையில் மெனு, விண்டோஸ் பழகிய கைக்கு வழி தெரியும். டைம்ஷிஃப்ட் என்று ஒன்று உள்ளேயே இருக்கிறது, முதல் நாளே அதை இயக்கி வையுங்கள், ஏதாவது உடைந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவோ ஆபீஸ் நண்பரோ உபுண்டு ஓட்டுகிறார், கூப்பிட்டால் வருவார் என்றால், நான் சொன்ன மின்ட்டை விட்டுவிட்டு உபுண்டுவே போடுங்கள். இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். முதல் மூன்று மாதத்தில் உங்களுக்கு வேண்டியது வந்து பார்க்கிற ஒரு ஆள்.

போடுவதற்கு முன்னால் பென்டிரைவில் வென்டாய் என்ற கருவியை நிறுவி, இரண்டு மூன்று டிஸ்ட்ரோக்களின் ஐஎஸ்ஓ (நிறுவும்) கோப்புகளை அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள், ஒரே பென்டிரைவில் எல்லாம் பூட் ஆகும். லைவாக ஓட்டி வைஃபை வருகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர் எடுக்கிறதா என்று பாருங்கள். வைஃபை வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம், போனை யுஎஸ்பி ஒயரில் இணைத்து டெதரிங் போட்டால் பெரும்பாலும் நெட் வந்துவிடும், அதை வைத்து டிரைவர் இறக்கலாம். டெபியன் 12-இலிருந்து ஃபர்ம்வேர் (வைஃபை சிப் போன்றவை இயங்கத் தேவையான மென்பொருள்) நிறுவும் கோப்புக்குள்ளேயே வந்துவிடுவதால் இந்தத் தொல்லை பாதி குறைந்துவிட்டது. அப்புறம் 32 பிட் பிராசசர் உள்ள மிகப் பழைய கணினி வைத்திருப்பவர்கள், டெபியன் 13-க்கு அதற்கான நிறுவி கிடையாது, கவனியுங்கள்.

நமக்கு இன்னொரு சோதனையும் உண்டு. லைவ் ஓட்டத்திலேயே தமிழ் தட்டிப் பாருங்கள். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 இருக்கிறதா, இல்லையென்றால் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுக் கருவியை இறக்கினால் வருகிறதா என்று பாருங்கள். பிரவுசரில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து "கொ", "கௌ" எல்லாம் ஒழுங்காகக் கூடி நிற்கிறதா, லிப்ரேஆபீஸிலும் அப்படியே வருகிறதா என்று பாருங்கள். எழுத்துரு வேண்டுமென்றால் டெபியன், உபுண்டுவில் ஃபான்ட்ஸ்-டாமில், அதாவது எஃப்-ஓ-என்-டி-எஸ், ஹைஃபன், டி-ஏ-எம்-எல், அந்தப் பொதி போதும். சித்தப்பா கடையில் நான் போட்டதும் அதுதான், விண்ணப்பங்களெல்லாம் அதில்தான் தட்டுகிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டுக்குப் போகிறேன், 4 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி ஒன்று விண்டோஸ் 10-ஓடு கிடக்கிறது, அதில் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுவதை முழுசாகப் படம் பிடித்து வருகிறேன். அதற்குள் உங்கள் கணினியின் மாடல், வாங்கிய வருடம், அதில் தினமும் உட்காருவது யார், இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் போடுகிறேன்.